எட்டாவது கடிதம்

நடந்தவை, வரிசையாக:

1. எங்கள் தீவின் மரைன் ஹில்லில் பக்கத்து வீட்டு அக்காவின் கணவர், மூன்று மாதத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லி மெயின்லேண்டுக்கு, மெட்ராஸுக்குக் கப்பல் ஏறினார். மூன்று கடிதங்கள் போட்டார். பிறகு போடவில்லை.

2. அவருடைய அம்மா, நான் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், ஒவ்வொரு கப்பல் நாளும் சாத்தம் ஜெட்டியில் போய் நின்றார். கடைசிப் பயணி இறங்கும்வரை நிற்பார். ஒரு நாள் வெயிலில் மயங்கி விழுந்தார்.

3. அக்கா கேட்டுக்கொண்டதால், கணவர் எழுதியதுபோல நான் கடிதம் எழுத ஆரம்பித்தேன். ஏழு எழுதினேன். பெரியம்மா ஜெட்டிக்குப் போவது நின்றது.

4. ஜங்லிகாட்டில் ஒரு பள்ளிக்கூட அறையில், சிறுகதை எழுதப் பழகுகிறவர்களுக்காக ஆறு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்தது. சேர்ந்தேன்.

5. மூன்றாவது வகுப்பில் கற்றதை எட்டாவது கடிதத்தில் போட்டேன்.

6. அதைக் கேட்ட பெரியம்மா, புதன்கிழமைக் கப்பலில் மகனைப் பார்க்கப் போவதாகச் சொல்லிப் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினார். மகன் இருப்பதாக அவர் நம்பிய விலாசம் நான் உண்டாக்கியது. அந்தத் தெருவில் அப்படி ஒரு கதவு எண் உண்டா என்றுகூட எனக்குத் தெரியாது.

எழுதிப் பார்த்தால் ஆறு வரிகளில் அடங்குகிறது. ஆறாவது வரியிலிருந்து புதன்கிழமைவரை நான்கு நாட்கள் இருந்தன.

நான் டிரேசர். மெட்ராஸில் இரண்டு வருஷம் டிராஃப்ட்ஸ்மன் படிப்பு முடித்துத் திரும்பி, ஃபீனிக்ஸ் பேயில் படகு பழுதுபார்க்கும் பட்டறையின் டிராயிங் ஆபீஸில் சேர்ந்தேன். எஞ்சினியர் பென்சிலில் போட்டதை, மேலே டிரேசிங் துணி விரித்து மையால் எடுப்பது என் வேலை. அந்த வருஷம் பெரும்பாலும் ரங்கத், மாயாபந்தர் பக்கம் புதிதாகக் குடியேறியவர்களுக்கான இறங்குதுறைகள். ரங்கத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அதன் இறங்குதுறையில் எத்தனை போல்ட் என்று கேட்டால் சொல்லிவிடுவேன்.

இந்த வேலைதான் அக்காவுக்கு யோசனை கொடுத்தது. அக்கா தூத்துக்குடிப் பக்கம். வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட்டும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் தைப்பார். பெரியம்மா மயங்கி விழுந்ததற்கு மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"நீ கோடு மேலயே கோடு போடுதவதான? எழுத்து மேல எழுத்து போட முடியாதாக்கும்?"

"அது வேறக்கா."

"என்ன வேற? அவுக எழுத்து ஒண்ணும் பெரிய சித்திரமில்ல. கோழி கிளறின மாதிரிதான் இருக்கும்."

பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கடிதத்தை அக்கா வாசித்துக் காட்டியதோடு விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு எடுத்துப்போய் உபதேசியாரிடம் கொடுத்து இன்னொரு தரம் வாசிக்கச் சொல்வார். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கும் அந்த உபதேசியாருக்கு மகனின் கையெழுத்து பழக்கம். எனவே எழுத்து சரியாக இருக்க வேண்டும். உண்மையான மூன்று கடிதங்களையும் வாங்கிவந்து, கண்ணாடிப் பலகைக்கு அடியில் பல்பு வைத்துப் பழகினேன். இடது பக்கச் சாய்வு. வரி முடிவதற்குள் எழுத்து சிறுத்துவிடும். ஒவ்வொரு பத்தியும் "பிறகு" என்று தொடங்கும். மூன்று சனிக்கிழமைகளில் கை படிந்துவிட்டது.

தபால் முத்திரைக்கும் வழி இருந்தது. அக்காவின் சித்தப்பா மகன் கப்பலில் சமையல்காரர். கப்பல் இங்கிருந்து புறப்படும்போது கடிதத்தை அவரிடம் கொடுப்போம். அவர் மெட்ராஸில் இறங்கி ஸ்டாம்ப் ஒட்டி ராயபுரத்துத் தபால் பெட்டியில் போடுவார். அதே கப்பல் அதே கடிதத்தைத் திரும்பக் கொண்டுவரும். மரைன் ஹில்லில் பக்கத்து வீட்டுக்கு ஒரு கடிதம் போய்ச்சேர வங்காள விரிகுடாவை இரண்டு தரம் கடக்க வேண்டியிருந்தது.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். ஒரு பக்கம் சொன்னது, எதிர்ப்பக்கம் சொல்லாதது. துறைமுகக் கிடங்கில் வேலை என்று முதல் கடிதத்தில் சொன்னேன். இரண்டாவதில் இடம் மாறியதாக ஒரு தெருவும் கதவு எண்ணும் கொடுத்தேன். மழை பெய்ததைச் சொன்னேன். லீவு கிடைக்காததை மூன்று முறை சொன்னேன். எதுவும் எதோடும் முரண்படாமல் ஏழு கடிதங்களும் ஒரே அளவில் நின்றன. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

வகுப்பு எடுத்தவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மெட்ராஸில் ஒரு வாரப் பத்திரிகையில் வேலை. தங்கையின் பிரசவத்துக்காக வந்து, கப்பலையும் குழந்தையையும் எதிர்பார்த்துக்கொண்டு இருந்தவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "வர்ற கதைகளைப் படிச்சுத் திருப்பி அனுப்புறதுதான் என் உத்தியோகம். எப்படி எழுதக் கூடாதுன்னு நல்லாத் தெரியும். எப்படி எழுதணும்னு தெரிஞ்சிருந்தா நானே எழுதியிருப்பேன்."

எட்டுப் பேர் இருந்தோம். வயர்லெஸ் ஆபீஸில் வேலை செய்கிற அண்ணன் ஒருவர், அபர்தீன் பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவர் ஒருவர், மற்றவர்கள் பள்ளி ஆசிரியர்களும் கிளார்க்குகளும். நாங்கள் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்போம். உங்கள் அறையை எழுதுங்கள் என்பது முதல் பயிற்சி. நான் கதவிலிருந்து தொடங்கிக் கடிகார முள் சுற்றும் திசையில் எல்லாவற்றையும் எழுதியிருந்தேன்.

"இது கதையில்லம்மா. ஏலம் விடப்போற சாமான் பட்டியல்" என்றார் ஆசிரியை.

"வீட்டோட சேர்த்து விட்டா நான் எடுத்துக்கறேன் மேடம். எங்க குவார்ட்டர்ஸ் ஒழுகுது" என்றார் வயர்லெஸ் அண்ணன்.

மூன்றாவது ஞாயிறு, சொந்தமாக இரண்டு பக்கம் எழுதிவரச் சொல்லியிருந்தார். எனக்குக் கைவசம் ஓர் ஆள் இருந்தார். மெட்ராஸில் தனியாக இருந்து வீட்டுக்குக் கடிதம் போடும் ஒரு கிடங்குத் தொழிலாளியைப் பற்றி எழுதிக்கொண்டு போனேன். ஆசிரியை நின்றபடியே படித்து முடித்தார்.

"இவருக்கு என்ன பிரச்சினை?"

"ஒண்ணுமில்லை மேடம்."

"அதுதான் எனக்குப் பிரச்சினை. நல்லவர். வேலைக்குப் போறார். சாப்பிடுறார். மழை பெய்யுது. இப்படி ஒரு ஆள் இருக்கார்னு நான் ஏன் நம்பணும்?"

எனக்கு முகம் சூடானது. அவர் இருக்கிறார் என்று ஒருவரை நம்பவைப்பதைத்தான் நான் ஒரு வருஷமாகச் செய்துகொண்டிருந்தேன்.

"எங்கயாவது காலை இடற விடு" என்றார். "அப்புறம், கதைக்குத் தேவையே இல்லாத ஒரு சின்ன விஷயம் சொல்லு. பொய் சொல்றவன் தேவையானதை மட்டும்தான் சொல்வான். தேவையில்லாத ஒண்ணு இருந்தாத்தான் படிக்கிறவங்க நம்புவாங்க."

நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். காலை இடற விடு. தேவையில்லாத ஒன்று.

அடுத்த செவ்வாய்க்கிழமை கப்பல் புறப்பட இருந்தது. அதற்குள் எட்டாவது கடிதத்தை முடித்தேன். அதன் நடுப்பகுதி இது:

"பிறகு, போன வாரம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இடது கால் பிசகிவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. வலது செருப்பு மட்டும் தேய்ந்துகொண்டு வருகிறது. இடது செருப்பு கட்டிலுக்கு அடியில் புதுசாகவே கிடக்கிறது."

கொடுப்பதற்கு முன் அக்கா படித்தார். வழக்கமாக ஒரு தரம் பார்த்து மடித்துவிடுவார். அன்றைக்கு மெஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்திவிட்டு இரண்டு தரம் படித்தார்.

"எந்தக் காலு?" என்றார்.

"எழுதியிருக்கேனே. இடது."

"ஆமா." கடிதத்தை மடித்தார். "அவுகளே எழுதின மாதிரி இருக்கு."

அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

கப்பல் போய்த் திரும்பியது இரண்டு வாரம் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை. தபால் சனிக்கிழமை மதியம் வந்தது. அக்கா வாசித்தபோது நான் அவர்கள் வாசற்படியில் இருந்தேன். பெரியம்மா முற்றத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். கால் பிசகிய இடத்தில் கை நின்றது. செருப்பு வந்த இடத்தில் தலை நிமிர்ந்தது.

"இன்னொருக்கா வாசி."

மூன்று தரம் வாசிக்கச் சொன்னார்.

"ஒத்தைக் காலோட அவன் எப்பிடித் தண்ணி எடுக்கான்?"

அக்கா என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வி என் நோட்டில் இரண்டு பக்கத்திலும் இல்லை.

பெரியம்மா கையைக் கழுவினார். உள்ளே போய்ப் பெட்டியை இறக்கிய சத்தம் கேட்டது. "புதங்கிழமை கப்பலுக்கு நான் போறேன்" என்றார்.

"பயப்பட ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்காவல்லா, அத்தை."

"சின்னப் பிள்ளையில கை ஒடிஞ்சப்பவும் அவன் அப்பிடித்தான் சொன்னான்." பெட்டியைத் துடைத்துக்கொண்டே பேசினார். "இத்தன நாளு நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு எழுதினான். எனக்கு ஒண்ணும் தோணல. இப்பத்தான் அவனப் பாக்கணும்போல இருக்கு."

அன்று மாலை அக்கா மெஷினில் உட்கார்ந்திருந்தார். தைக்கவில்லை.

"என்ன எழவுக்குடி அந்தக் கால ஒடிச்ச?"

"ஒடிக்கலக்கா. பிசகுதான்."

"ஆமா, அது ரொம்ப முக்கியம்."

"நீங்களும் படிச்சீங்க."

"படிச்சேன். எனக்கே அழுகை வந்துச்சு. மூளை எங்க வேலை செஞ்சுது?" உள்ளே ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்தா பாரு. மெட்ராஸ்ல எறங்கி, கையில காயிதத்த வச்சுக்கிட்டு, இல்லாத வீட்டத் தேடி அந்த வெயில்ல அலைவாவ. தமிழே ஆனாலும் அந்த ஊருல ஒருத்தரத் தெரியாது. இங்கனயே மயங்கி விழுந்தவுக. நீ ஒம்பதாவது எழுது."

அவர் யோசனை இது. சமையல்காரர் திங்கட்கிழமை சாயங்காலம் வருவார். பெட்டிக்குள் ஒரு கடிதம் தங்கிவிட்டதாகவும், அக்காவின் கணவர் நேரில் கொடுத்தனுப்பியதாகவும் சொல்வார். அந்தக் கடிதத்தில் கால் சரியாகியிருக்க வேண்டும். வேலை விஷயமாக லாரியில் விசாகப்பட்டினம் போவதாகவும், ஆறு மாதம் ஆகும் என்றும், யாரும் வர வேண்டாம் என்றும் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதினேன். கட்டிலைப் பக்கத்து அறைக்காரருக்குக் கொடுத்துவிட்டதாகவும், அதில் ஒரு கால் குட்டை என்பதால் செங்கல் வைத்துக் கொடுத்ததாகவும் போட்டேன். ஒன்பதிலும் அதுதான் சிறந்தது. எழுதி முடித்தபோது மனம் நிறைந்திருந்தது. அந்த நேரத்தில் அப்படி இருந்ததை மறைத்துவிட்டு மீதியை எழுத முடியாது.

பிறகுதான் நோட்டின் எதிர்ப்பக்கத்தை எழுதினேன். பெரியம்மா நம்பாவிட்டால்? நம்பினாலும் கட்டிலாவது பார்ப்பேன் என்று கிளம்பினால்? ஆறு மாதம் கழித்து விசாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறினால்? ஒவ்வொன்றுக்கும் நேராக நான் எழுத முடிந்தது ஒன்றே: பத்தாவது கடிதம்.

அன்று மூன்று மணிக்குக் கடைசி வகுப்பு. அவரவர் கதையில் முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தைச் சொல்லலாம் என்றார் ஆசிரியை. நான் சொன்னேன். ஒரு தாய், வராத மகன், அவன் எழுதியதுபோல வரும் கடிதங்கள், பிசகிய கால், புறப்படத் தயாராக நிற்கும் தாய். கடிதங்களை எழுதுகிறவள் யார் என்பதைச் சொல்லவில்லை. இந்த அம்மாவை எப்படித் தடுப்பது என்று கேட்டேன்.

"ஒரு டெலிகிராம். 'வர வேண்டாம், நானே வருகிறேன்'. கதை முடிஞ்சுது" என்றார் வயர்லெஸ் அண்ணன்.

"அவன் வரணுமே அப்புறம்" என்றார் ஓர் ஆசிரியர்.

"ஆளையே முடிச்சிடுங்க" என்றார் துணிக்கடைக்காரர். "ஆஸ்பத்திரி. கடைசி நேரம். பக்கத்துல ஒரு மலையாள நர்ஸ்."

"நர்ஸ் எதுக்குங்க?" என்றார் வயர்லெஸ் அண்ணன்.

"தேவையில்லாத சின்ன விஷயம். மேடம்தானே சொன்னாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. மேஜை ஓரத்தில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தடுக்கணும்?" என்றார். "அந்தம்மாவைக் கப்பல் ஏத்து."

"ஏத்தினா?"

"ஏத்தினாத்தான் கதை. இறங்கட்டும். அந்தத் தெருவுக்குப் போகட்டும். இல்லாத கதவைத் தேடட்டும். நீ இதுவரைக்கும் எழுதினது பூரா முன்னுரை. இங்க தடுத்தேன்னா கதை செத்துடும்."

வகுப்பு முழுக்க ஆமாம் என்றது. துணிக்கடைக்காரர்கூட நர்ஸைக் கைவிட்டார். கதை என்று பார்த்தால் ஆசிரியை சொன்னது சரி என்று எனக்கும் தெரிந்தது. அந்தத் தெருவை அப்போதே பார்த்தேன். பழுப்புச் சேலை, கையில் உறை, ஒருவர் விலாசத்தைப் படித்து இடது பக்கம் கை காட்டுகிறார், இன்னொருவர் வலது பக்கம் காட்டுகிறார். அதற்கு மேல் அந்தப் பெஞ்சில் உட்கார முடியவில்லை.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனபின் படிக்கட்டில் ஆசிரியையை நிறுத்தினேன்.

"மேடம், அது கதையில்லை."

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. "எந்தக் கப்பல்?"

"இந்தப் புதன்கிழமை."

"எழுதினது?"

"நான்தான்."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நான் உள்ள சொன்னதை விட்டுடு. அது காகிதத்துக்கு." நான் காத்திருந்தேன். மேற்கொண்டு என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஒன்பதாவது கடிதம் சாப்பாட்டுப் பையில் இருந்தது. பதினொன்றரை மணிக்கு ஒரு பிரிண்ட்டைக் கொடுக்க வெளியே போனபோது, ஜெட்டிக்குப் பக்கத்தில் டிக்கெட் கொடுக்கும் ஆபீஸின் முன்னால் வரிசை நின்றது. நடுவில் பெரியம்மா. தலையில் முந்தானையை மடித்துப் போட்டிருந்தார். அவருக்கு முன்னால் பதினொரு பேர்.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "நல்ல நேரத்துக்கு வந்த. இந்த ஃபாரத்த எழுதணுமாம். அந்த ஆளு இந்தியில என்னமோ சொல்லுதான். எனக்கு 'மாஜி'ன்னா அம்மாங்கது மட்டும்தான் வெளங்குச்சு."

ஃபாரத்தை வாங்கி, பிரிண்ட்டோடு கொண்டுபோன அட்டையை அடியில் கொடுத்து எழுத ஆரம்பித்தேன். பெயர். வயது. இங்குள்ள விலாசம். பயணத்தின் காரணம்: மகனைப் பார்க்க. அடுத்த கட்டம், மெயின்லேண்டில் தங்கும் விலாசம்.

"அது ஒனக்கு மனப்பாடமாச்சே" என்றார். அக்கா பதில் போடுவதாகச் சொல்லும் உறைகளில் விலாசம் எழுதுவது நான்தான். அவர் பார்த்திருக்கிறார்.

பேனா கட்டத்தின் மேல் நின்றது. அந்தத் தெருப் பெயரையும் எண்ணையும் எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு எழுத வரவில்லை. வரிசை நகர்ந்தது. ஒன்பது பேர்.

"பெரியம்மா, இந்த விலாசத்துல அண்ணன் இல்லை."

"வீடு மாத்திட்டானா?"

"இல்லை. அந்தக் கடிதத்தை அண்ணன் எழுதலை. நான் எழுதினேன்."

"அவன் சொல்லச் சொல்லவா? அவன் எப்பிடி ஒங்கிட்டச் சொன்னான்?"

"அண்ணன் எதுவும் சொல்லலை. நானே எழுதினேன். எட்டும் நான் எழுதினது."

பின்னாலிருந்து ஓர் ஆள், "ஆகே சலோ, மாஜி, ஆகே" என்றார். இருவரும் இரண்டடி நடந்தோம். ஏழு பேர்.

"காலு?"

"காலும் இல்லை."

"அப்ப அவனுக்குக் கால் நல்லாருக்கா?"

"தெரியாது பெரியம்மா."

"அந்தச் செருப்பு?"

"அதுவும் நான்தான்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஃபாரத்தைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"உபதேசியார் அவன் எழுத்துன்னாரே."

"அண்ணன் எழுத்தைப் பார்த்து எழுதினேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

அக்காவை இதில் இழுக்கக் கூடாது என்று பேச ஆரம்பித்தபோதே முடிவு செய்திருந்தேன். அந்த முடிவு அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை. "தெரியும்" என்றேன். "நீங்க ஜெட்டியில விழுந்தீங்களே, அதுக்கப்புறம்தான்."

ஐந்து பேர். கண்ணாடி போட்ட கிளார்க், வரிசையில் முன்னால் நின்ற ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பெரியம்மா முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அழுகிறாரா வியர்வையா என்று தெரியவில்லை.

"வீட்டுக்குப் போகலாம், வாங்க" என்றேன்.

"வரிசைய விடச் சொல்லுதியா? காலையில இருந்து நிக்கேன்." குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "அவன் எழுதினது ஒண்ணும் கெடையாதா?"

"மூணு இருக்கு. முதல் மூணும் அண்ணன் எழுதினது."

"அதுல விலாசம் உண்டா?"

"உண்டு. ராயபுரத்துல, மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு லாட்ஜ். நம்பர் கிடையாது. ஆனா ரொம்ப நாளாச்சு பெரியம்மா, இப்ப அங்க இருக்க மாட்டார்."

"ஒன் விலாசத்துல இருப்பானா?"

பேனாவைக் கட்டத்தின் மேல் மறுபடி வைத்தேன்.

"அவன் எழுதினத எழுது. ஒன்னோடது வேண்டாம்."

லாட்ஜின் பெயரை எழுதினேன். என் சொந்தக் கையெழுத்தில் எழுதினேன். முறை வந்ததும் அவரே ஃபாரத்தை ஜன்னலுக்குள் நீட்டினார். கிளார்க் அதைப் பார்த்துவிட்டு, லாட்ஜுக்கு நம்பர் இல்லையே என்று இந்தியில் கேட்டார். இல்லை என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே முத்திரை குத்தினார். பெரியம்மா டிக்கெட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, "நீ வேலைக்குப் போ, கூட வராத" என்று சொல்லிவிட்டு மேட்டுப் பாதையில் தனியாக ஏறிப்போனார்.

சாயங்காலம் பட்டறை வாசலுக்கு வந்த சமையல்காரரிடம் கடிதம் இல்லை என்று சொன்னேன். நடந்ததைச் சொன்னதும் தலையைச் சொறிந்தார். "சரி, என் வீட்டுக்காரிகிட்ட இருக்கட்டும். காசிமேட்டுலதான் இருக்கோம். தனியா அலைய விடமாட்டேன்" என்றார். இப்படி ஒரு வழி இருப்பது எனக்கும் அக்காவுக்கும் அதுவரை தோன்றவே இல்லை.

அக்கா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"நான் ஒம்பதாவது கேட்டேன். நீ என்ன குடுத்த?"

"அக்கா, விலாசம் கேட்டாங்க. எழுத முடியலை."

"எட்டு எழுத முடிஞ்சுதே." என் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுச் சொல்லியிருக்கலாம். நானே சொல்லியிருப்பேன். அது நான் சொல்ல வேண்டியது."

அவர் சொன்னது சரி.

அந்த இரண்டு நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சே கேட்கவில்லை. மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. செவ்வாய்க்கிழமை காலை எங்கள் துவைகல்லின் மேல் எட்டு உறைகள், தையல் நூலால் கட்டி, மேலே கல் வைத்துக் கிடந்தன. எது நான் எழுதியது என்று அக்காதான் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும். புதன்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாத்தம்வரை போனதும் அக்காதான். நான் போகவில்லை. வரலாமா என்று கேட்கவும் இல்லை.

இதை எழுதும்போது கப்பல் இரண்டு முறை வந்து போய்விட்டது. லாட்ஜ் கைமாறிவிட்டதாகவும், பழைய ஆட்களைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியவில்லை என்றும் சமையல்காரர் சொல்கிறார். பெரியம்மா காசிமேட்டில் அவர் வீட்டில் இருக்கிறார். காலையில் சமையல்காரரின் மனைவியோடு துறைமுக வாசலுக்கும் மீன் மார்க்கெட்டுக்கும் போய் விசாரித்துவிட்டு வருகிறார். மகன் இன்னும் கிடைக்கவில்லை. தேடுவதை நிறுத்தப்போவதாக அவர் சொல்லவில்லை. அக்கா என்னிடம் பேசுவதில்லை. நான் யாருக்கும் கடிதம் எழுதித் தருவதில்லை.